குழந்தையர் மையத்தில் இயற்கையறிவு: கையும் சொல்லும்

ஒரு சொல் பிறிதொரு மொழிக்குப் பெயர்க்கப்பெறும்போது அதன் பொருளுள் ஒரு பகுதி பின்தங்கிவிடுதல் உண்டு. பின்தங்கிய பகுதி சிறிதாயின் கேடில்லை. உயிர்ப்பகுதியாயின் சொல்லோடு செயலும் மாறிவிடும். இளஞ்சிறார் கல்வி பற்றிய சொற்களில் அத்தகைய இழப்பொன்று நேர்ந்துள்ளது. பிரீடிரிக் புரோபெல் என்னும் செருமானியக் கல்வியாளர் 1837-இல் பிளாங்கன்பர்க் என்னும் சிறுநகரில் இளங்குழந்தைகட்கென ஒரு நிலையம் நிறுவினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் நாம் அதனை மழலையர் பள்ளி என்றும் பாலர் பள்ளி என்றும் வழங்கினோம். மழலை வந்தது, பள்ளியும் வந்தது, தோட்டம் வரவில்லை.

மேலைக் கடற்கரை மொழிகள் அத்தோட்டத்தைக் கைவிடவில்லை. மராத்தியிலும் குசராத்தியிலும் 'வாடி' என்பது தோட்டத்தையும் தோப்பையும் குறிக்கும். மனைகள் சேர்ந்த சிற்றூர்ப் பகுதிக்கும் பெயராகும். 'பால்வாடி' என்பது பாலர் தோட்டம். 'ஆங்கன்' என்பது முற்றம். ஆகவே 'அங்கன்வாடி' முற்றத்துத் தோட்டம் எனப் பொருள்படும். இவ்விரு சொற்களும் தமிழகத்துள் புகுந்தபோது பெயர்க்கப்படாமல் ஒலியளவில் நின்றன. பால் கொடுக்கும் இடமாதலின் பால்வாடி ஆயிற்றென ஊர்மக்கள் பலர் கூறக் கேட்கிறோம். விறகுவாடி, மரவாடி என்பன போலப் பொருள் அடைத்து வைக்கும் இடத்தையே 'வாடி' என்னும் சொல் நம் செவிக்கு உணர்த்துதலின், அவர் கொண்ட பொருளில் வியப்பில்லை. பாலும் உணவும் அங்குக் கிடைத்தமை உண்மையே. தோட்டம் மட்டும் இங்கும் பெயரினுள் மறைந்துவிட்டது.

மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தை, விதையையும் மண்ணையும் இலையையும் எறும்பையும் தன் கையால் தொட்டு அறிதல் பற்றியது இக்கட்டுரை. அதனை அறிவியற் கல்வியின் தொடக்கம் என்று மட்டுமே கருதுவது வழக்கு. யாம் அதனை மொழிக்கல்வியின் தொடக்கமாகவும் கருதுகிறோம். புல், மரம், பறவை, பூச்சி பற்றித் தமிழ் சேர்த்துவைத்துள்ள சொல்வளம் கையறிவில் பிறந்தது. கை அறியாத தலைமுறையில் அது நூலளவில் நிற்கும். இதனைத் தமிழாய்வார் தம் கவலையாகக் கொள்ளவேண்டும் என்பதே எமது துணிபு.

தோட்டம் நடந்த வழி

புரோபெல் இளமையில் காட்டுத்துறையில் தொழில் பயின்றவர். பின்னர்ப் பெர்லினில் கனிமக் காட்சிச்சாலையில் கற்களை வகைப்படுத்தும் பணி செய்தவர். மரமும் கல்லும் தொட்டுப் பழகிய கை அவருடையது. தம் நிலையத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே சிறு பாத்தி வகுத்து, அவற்றைச் சூழப் பொதுப் பாத்திகளை அமைக்க வேண்டும் என அவர் கருதினார். தன்னுடையதைப் பேணும் குழந்தை பொதுவினால் சூழப்பட்டு நிற்கும் அமைப்பு அது. பிரசிய அரசு 1851-இல் இந்நிலையங்களைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். தடை 1860-இல் நீங்கியது. பாத்தி கொத்தும் குழந்தையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மாண்டிசோரி அம்மையார் 1909-இல் வெளியிட்ட தம் முதல் பெருநூலிலேயே இயற்கைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். தான் ஊற்றாவிடின் செடி வாடும், தான் இடாவிடின் புறா பசிக்கும் என்று உணரும் குழந்தை, ஒருவரும் ஏவாமலே முன்னறிந்து செயற்படக் கற்கிறது. விதைத்தபின் காத்திருத்தலால் பொறுமை பெறுகிறது என்பது அவ்வதிகாரத்தின் சாரம். அவர் 1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தார். 1940-இல் இத்தாலி போரிற் புகுந்தமையால் நாட்டைவிட்டு நீங்க இயலாதவராய், 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கினார். தாவரம், விலங்கு, நிலவியல் ஆகியன பற்றிய பாடப்பொருள்களை அவரும் அவர்தம் மகனார் மரியோவும் விரிவாக வளர்த்தது அம்மலையில் இருந்த காலத்தேதான். உலகின் பல நாடுகளில் இன்று மாண்டிசோரி முறையின் இயற்கைக் கல்வி எனப் போற்றப்படுவதன் பெரும்பகுதி தமிழகத்து மலையொன்றில் உருப்பெற்றது என்பதை நம்மவர் பலர் நினைப்பதில்லை. இலைவடிவங்களை மரச்சட்டத்திற் செதுக்கி, அதன் விளிம்பைக் குழந்தையின் விரல் தடவிவரச் செய்வது அம்முறையின் பயிற்சிகளுள் ஒன்று. வேப்பிலையின் பல்விளிம்பையும் அரசிலையின் நீண்ட நுனியையும் விரல் முன்னே அறியும்; பெயர் பின்னே வரும்.

ஆயினும் மாண்டிசோரிப் பள்ளிகள் பொருள் மிக்கவை. நம் நாட்டில் நகரங்களிலே அவை தங்கின. அக்கல்வியை ஏழையர் முற்றத்திற்குக் கொண்டுசென்ற பெருமை தாராபாய் மோடக் அம்மையாரைச் சாரும். பவநகரில் 1920-இல் குழந்தைக் கல்வி நிலையம் தொடங்கிய கிஜுபாய் பதேகாவின் உடனுழைத்தவர் அவர். 1945-இல் போர்டியில் சிற்றூர்க் குழந்தைகட்கெனப் பணி தொடங்கினார். 1957-இல் அப்பணி கோஸ்பாட் குன்றுக்குப் பெயர்ந்தது. உடனிருந்து நடத்தியவர் அனுதாய் வாக் அம்மையார். பள்ளிக்குக் குழந்தை வாராதெனின் குழந்தை இருக்கும் முற்றத்திற்குப் பள்ளி செல்லவேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. அங்கன்வாடி என்னும் கருத்து அவ்வாறு தோன்றியது. வார்லிப் பழங்குடிக் குழந்தைகள் மாடு மேய்க்கச் சென்றபோது மேய்ச்சற் புல்வெளியிலேயே பள்ளி நடந்தது. விலைகொடுத்து வாங்கிய கருவிகட்கு மாறாகக் கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, குச்சி ஆகியவை பாடப்பொருள் ஆயின. வறுமை காரணமாகக் கொண்டவை எனினும் அவையே சிறந்த பொருள்கள் என்பது எம் கருத்து. வண்ணம் பூசிய மணி எல்லாம் ஒரே எடையின. புளியங்கொட்டையோ ஒன்றுபோல் ஒன்று இராது.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாடு முழுவதும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது அங்கன்வாடி என்னும் பெயர் அரசு வழக்காயிற்று. தமிழகத்தில் 1982 சூலை 1 முதல் இளங்குழந்தைகட்கும் மதிய உணவு வழங்கப்பட்டமையால் இம்மையங்கள் ஊர்தோறும் வேரூன்றின. பசி நீக்கிய அப்பணியின் பெருமையை ஈண்டு விரித்தல் வேண்டா. உணவு முதலிடம் பெற்றது முறையே. ஆனால் வாடி என்னும் இரண்டாம் பகுதி கருத்திற்கு வரவேயில்லை. சுவரில் காய்களும் விலங்குகளும் வண்ணத்தில் எழுதப்பட்டன. குழந்தைகள் வரிசையில் அமர்ந்து சுவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கற்றனர். பன்னிரு காய்களின் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் குழந்தை, சமையற்கூடத்தில் கிடக்கும் அவரையை உரிக்கக் கைவையாமல் வளர்கிறது.

மரபியல் காட்டும் வரிசை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறாக வகுத்தல் நாம் அறிந்ததே. தொடுதலால் மட்டும் அறிவன புல்லும் மரமும். சுவையும் சேர அறிவன நத்தையும் அதன் இனமும். மோப்பமும் சேர அறிவன கறையானும் எறும்பும். பார்வையும் உடையன நண்டும் தும்பியும். கேள்வியும் உடையன விலங்கு முதலியன. மனமும் உடையவர் மக்கள். மரபியலின் சில பகுதிகள் பிற்காலத்தன என்பாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. நம் கருத்திற்குரியது, ஊற்றுணர்ச்சி முதலிற் கூறப்பட்டமையே. அதுவே எல்லா உயிர்க்கும் பொது. ஏனைய புலன்கள் அதன்மேல் அடுக்கப்படுகின்றன.

கருவில் வளரும் குழவியிடத்தும் முதலில் தோன்றுவது ஊற்றுணர்ச்சியே என்றும், பார்வை எல்லாவற்றிற்கும் பின்னர் முதிர்வது என்றும் இன்றைய உடலியல் கூறும். இவ்வொற்றுமையைக் காட்டி, தொல்காப்பியர் குழந்தை உளநூலும் எழுதினார் என்று நிறுவுதல் எம் நோக்கமன்று. அவ்வகை நிறுவல்கள் அளவிற்கு மேல் மலிந்துவிட்டன. அவற்றால் தொல்காப்பியர்க்கு ஒரு பெருமையும் கூடாது. வரிசையில் பிழையும் உண்டு. எறும்பில் பெரும்பாலனவற்றிற்குக் கண் உண்டு. நத்தையின் நீண்ட கொம்பு நுனியில் ஒளியறியும் கண்கள் உள்ளன. நத்தை மோப்பமும் அறியும். இப்பிழைகளைக் காணும் வழியும் வகைகளைக் கண்ட வழியும் ஒன்றே என்பதுதான் கருதத்தக்கது. உயிரின் அருகில் குனிந்து, தொட்டு, காத்திருந்து பார்த்தாரே இவ்வாறு வகுக்க இயலும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வாராய்ச்சி எளிது. சுவரோரம் செல்லும் எறும்புச் சாரையின் குறுக்கே ஈரத்துணியால் ஒரு கோடு துடைத்துவிடின், வந்த எறும்புகள் அக்கோட்டருகே திகைத்து நின்று, திரும்பி, இங்குமங்கும் தேடும். சிறிது நேரங்கழித்து ஒன்றிரண்டு கடந்துவிட, சாரை மீளத் தொடரும். தரையில் இட்டுச்சென்ற மணத்தைக் கொண்டே எறும்பு வழி நடக்கிறது என்பதை இதனினும் தெளிவாக எந்நூலும் உணர்த்தாது. எறும்பை மூவறிவுயிரென மோப்பத்தோடு இயைத்த முன்னோர் எதனைக் கண்டனரோ யாம் அறியோம். குழந்தை கண்டதும் அதனொடு தொடர்புடையதே. பிள்ளையார் எறும்பு கடியாது, செவ்வெறும்பு கடிக்கும், கட்டெறும்பு நோவுண்டாக்கும் என்னும் வேறுபாட்டையும் தொட்ட கையே பெயரோடு சேர்த்து நினைவிற் கொள்ளும். நத்தையைக் கண்ணாடித் தகட்டின்மேல் ஊரவிட்டுக் கீழிருந்து நோக்கின் அதன் அடிப்பகுதியில் அலையலையாய் அசைவு செல்லுதலைக் காணலாம். கொம்பை மெல்லத் தொட்டால் உள்ளிழுக்கும். கையை எடுத்தால் வெளியிடும். அடக்கம் என்னும் சொல்லுக்கு ஆமையை உவமை காட்டும் மரபு இம்மண்ணில் எவ்வாறு எழுந்தது என்பது அப்போது விளங்கும்.

தாவரத்திற்கும் ஊற்றுணர்ச்சி உண்டென்பதற்குத் தொட்டாற்சிணுங்கியைச் சான்று காட்டும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. குழந்தைக்குக் காட்ட அது மிக நல்ல செடியே. ஆயினும் அது தென்னமெரிக்க, நடுவமெரிக்கப் பகுதிகளிலிருந்து பிற்காலத்தில் வந்து பரவியது. ஓரறிவுயிர் என வகுத்தவர் அதனைக் கண்டிருத்தல் இயலாது. பற்றுக்கோட்டைத் தொட்டவுடன் சுருண்டு சுற்றும் பாகல், பீர்க்கு முதலியவற்றின் பற்றுக்கம்பி இம்மண்ணிலேயே காணத்தக்க சான்று. மையத்தின் வேலியோரம் ஒரு பாகற்கொடி இருப்பின், காலையில் நட்ட குச்சியை மறுநாள் அது சுற்றியிருத்தலைக் குழந்தைகள் தாமே கண்டு கூறுவர்.

விதையும் காழும்

கையால் அறியும் கல்விக்கு விதையினும் சிறந்த தொடக்கம் இல்லை. இரவு முழுதும் நீரில் ஊறிய மொச்சையைக் குழந்தையின் உள்ளங்கையில் இடின், தோல் வழுக்கி வரும். பருப்பு இரண்டாய்ப் பிளக்கும். இடையில் இரு சிறு இலைகளோடு ஒரு செடி மடங்கிக் கிடக்கும். அதனைக் காணும் குழந்தையின் முகத்தில் எழும் வியப்பைப் பணியாளர் பலரும் கண்டிருப்பர். பிறகு நெல்லையும் சோளத்தையும் கொடுத்தால் அவையும் இரண்டாய்ப் பிளக்குமென்று குழந்தை நகத்தால் முயலும், பிளவா. பிளப்பன ஒரு கொட்டாங்கச்சியிலும் பிளவாதன மற்றொன்றிலும் சேரும். அவரை, துவரை, உளுந்து, கடலை, புளி ஒருபுறம். நெல், கேழ்வரகு, கம்பு, சோளம் மறுபுறம். இருவித்திலை, ஒருவித்திலை என்னும் பெயர்கள் அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தாலும் குறையில்லை. பாகுபாடு முன்னரே கையில் நிகழ்ந்துவிட்டது.

விதைத்தபின் நாள்தோறும் தோண்டிப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. அதனைக் கடிதல் தகாது. பத்து விதை இட்டு, இரண்டினைத் தோண்டுதற்கென ஒதுக்கிவிடுதலே தக்க முறை. தலைகீழாய் நட்ட விதையும் வேரைக் கீழ்நோக்கியே விடுதல் அவ்வாறுதான் தெரியவரும். மொச்சை தன் இரு பருப்பையும் மண்ணுக்கு மேலே தூக்கிவருதலும், கொண்டைக்கடலை அவற்றை மண்ணுள்ளேயே விட்டுவருதலும் தோண்டிய கைக்கே புலனாகும்.

ஈண்டு மரபியலின் மற்றொரு பாகுபாடு நினைவிற்கு வருகிறது. புறத்தே வைரம் உடையது புல், அகத்தே வைரம் உடையது மரம் எனப் புறக்காழ், அகக்காழ் என்னும் சொற்களால் அந்நூல் வரையறுக்கிறது. அதனால் பனையும் தெங்கும் கமுகும் புல்லின்பாற் படும் என உரையாசிரியர் விளக்குவர். பனை நெல்லின் இனத்தைச் சேர்ந்ததன்று எனினும், இரண்டும் ஒருவித்திலையின என்பதில் இன்றைய தாவரவியலுக்கும் உடன்பாடே. இவ்வரையறையை மனப்பாடமாக எழுதும் முதுகலை மாணவர்க்கு நாம் முழு மதிப்பெண் வழங்குகிறோம். அவரிடம் ஒரு தென்னந்துண்டையும் ஒரு வேப்பந்துண்டையும் தந்து, எங்கே காழ் என்று வினவின் எத்துணையர் தொட்டுக் காட்டுவர்? அறுத்த தென்னையின் நடுப்பகுதி நார்நாராய் மெத்தென்று இருக்கும். ஓரம் இரும்பு போன்றது. முதிர்ந்த வேம்பின் நடுவோ செந்நிறமாய் உறுதிபெற்று நிற்கும், ஓரம் வெளிறியது. மூங்கிலைத் தட்டினால் உள்ளீடின்மை ஒலியாலே விளங்கும். இம்மூன்று துண்டுகளும் எந்த மரவாடியிலும் கழிவாய்க் கிடைப்பன. அங்கன்வாடித் திண்ணையில் அவற்றை இட்டுவைத்தால் குழந்தைகள் நகத்தால் அழுத்தி, எது எங்கே கெட்டி என்று தாமே சொல்வர். இலக்கணநூலின் வரையறையை அவர் அடைந்த வழி, நம் வகுப்பறை மறந்த வழி.

சொல் கையில் பிறத்தல்

மரபியலின் தொடக்கமே இளமைப் பெயர்கள்தாம். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைக் கூறி, எவ்வெவ் வுயிர்க்கு எவ்வெப்பெயர் உரியது என அது வரையறுக்கிறது. ஓரறிவுயிர்க்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்பன கொள்ளப்படும். தென்னம்பிள்ளை, வாழைக்கன்று, மாங்கன்று என்னும் இன்றைய வழக்குகள் அதன் தொடர்ச்சி. வாழை மட்டும் மாட்டைப்போல் ஏன் கன்று ஈனும், தென்னை ஏன் பிள்ளை என்று ஒரு குழந்தை வினவியதாக அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் எம்மிடம் கூறினார். தாய்வாழையின் அடியில் பக்கத்தே முளைத்து ஒட்டிநிற்கும் கன்றைத் தோண்டிப் பிரித்து நட்ட நாளில் எழுந்த வினா அது. சுவரில் எழுதிய வாழையைப் பார்த்து அவ்வினாவை எவரும் எழுப்பார்.

பூவின் பருவப்பெயர்களும் அத்தகையன. அரும்பு, முகை, மொட்டு, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பட்டியல் ஒப்புவிக்கச் செய்கிறோம். ஒரே செடியை நாள்தோறும் நோக்காதவனுக்கு இவை ஒருபொருட் பன்மொழியாகவே தோன்றும். வீணான மிகுதி என்றும் நினைப்பான். பூவரசின் பூ காலையில் மஞ்சளாய் விரிந்து, வாடுங்கால் செம்மை படரும். உதிர்ந்ததையும் விரிந்ததையும் இரு கைகளிலும் ஏந்திநிற்கும் குழந்தைக்கு இரண்டிற்கும் ஒரே பெயர் போதாது. அதுவே ஏதேனும் ஒரு பெயரிட முயலும். அவ்வேளையில் வீ என்னும் சொல்லைத் தருதல் எளிது, தங்கும். அப்பூவரசின் இலையைச் சுருட்டி ஊதி ஒலியெழுப்பக் கற்ற குழந்தைக்கு இளந்தளிர் ஒலியாது, முற்றிய இலையே ஒலிக்கும் என்பதும் தெரியும். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்னும் வரிசை அதன் உதட்டிலும் விரலிலும் உள்ளது.

இனி, அகராதியின் நிலையைச் சிறிது நோக்குவோம். சங்கநூல்களில் வரும் மூதாய் என்னும் சொல்லுக்குத் தம்பலப்பூச்சி என்றும் இந்திரகோபம் என்றும் பொருள் எழுதுகிறோம். மாணவர் அதனைச் 'செந்நிறமான ஒருவகைப் பூச்சி' என எழுதுவர். முதல்மழை பெய்த ஈரமண்ணில் செம்பட்டுத் துணுக்குபோல் ஊர்ந்துவரும் அதனைத் தீப்பெட்டியில் எடுத்துவைத்து விளையாடாத சிற்றூர்ச் சிறுவர் முன்னாளில் இலர். உள்ளங்கையில் ஏற்றி நோக்கின் கால்கள் எட்டு என எண்ணலாம். ஆகவே அது ஆறுகாற் பூச்சியினம் அன்று, சிலந்தியின் சுற்றம். எண்ணத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தை நம் அகராதியைத் திருத்தும் இடம் இது. பூச்சிக்கொல்லி மிகுந்த வயல்களிலும் கற்காரை பாவிய முற்றங்களிலும் அதனைக் காண்பது அரிதாகிறது. பொருள் மறைந்தபின் சொல்லை மட்டும் காப்பது எவ்வாறு என்பது எமக்கு விளங்கவில்லை.

குழியானையைப் பற்றியும் ஒருசொல். மழைபடாத திண்ணையோரப் புழுதியில் கூம்புபோல் குழிசெய்து, அடியில் மறைந்திருந்து எறும்பு பிடிக்கும் சிற்றுயிர் அது. துரும்பால் குழியின் விளிம்பைத் தொட்டு மணலைச் சரியவிட்டால் அடியிலிருந்து மணலை வாரி எறியும். கையில் எடுத்துவிட்டால் பின்னோக்கியே நகரும். பின்னர்ச் சிறகு பெற்றுத் தட்டானைப்போல் பறக்கும் ஓர் உயிரின் இளமைப்பருவம் அது என்பதைக் குழந்தையும் அறியாது, பெற்றோர் பலரும் அறியார். மணல் நிறைந்த கண்ணாடிக் குப்பியில் அதனை இட்டு, நாள்தோறும் ஓர் எறும்பு கொடுத்துவரின், ஒருநாள் அது மணல் ஒட்டிய உருண்டைக் கூட்டினுள் அடங்குதலைக் காணலாம். சிறகு முளைத்த நாளில் குப்பியைத் திறந்துவிடுதலும் பாடத்தின் பகுதியே. தட்டானின் வாலில் நூல்கட்டிக் கல் தூக்கச்செய்து மகிழ்தல் நம் சிறுவரிடையே உள்ள விளையாட்டு. கையால் அறிதலுக்கும் கையால் வருத்துதலுக்கும் இடைவெளி சிறிது. பிடித்ததைப் பிடித்த இடத்திலே விடுதல் என்னும் ஒரு விதி அவ்விடைவெளியைக் காக்கும்.

கற்பிப்பார் நிலை

மண் அழுக்கு என்பது பெற்றோர் கூறும் முதல் தடை. அதனை எள்ளுதல் முறையன்று. குடற்புழு மண்வழிப் பரவுவது. செருப்பின்றி மிதிக்கும் காலும் கழுவாத கையும் அதற்கு வாயில். விளையாடியபின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுதலும், நாயும் பூனையும் கழியாத இடத்தைத் தேர்ந்து வேலியிடுதலும் இன்றியமையாதன. நச்சுச்செடிகளைப் பணியாளர் அறிந்திருத்தல் வேண்டும். குன்றிமணி குழந்தையின் கண்ணைப் பறிக்கும். ஆயினும் உடைத்து விழுங்கப்படின் உயிர்க்கே கேடு. ஆமணக்கு விதை, அரளி, ஊமத்தை ஆகியவையும் அவ்வாறே விலக்கத்தக்கன. எருக்கின் பால் கண்ணுக்கு ஆகாது. கம்பளிப்பூச்சியின் மயிர் தோலை அரிக்கும். இவை தவிர்த்தால் எஞ்சுவது மிகப்பெரிது.

இரண்டாம் தடை பணியாளர் நிலை பற்றியது. ஒரு மையத்திற்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பது திட்டத்தின் அமைப்பு. எடை பார்த்தல், சத்துமாவு வழங்கல், தாய்மாரைச் சந்தித்தல், பதிவு எழுதுதல் எல்லாம் அவ்விருவர் மேலன. தோட்டமும் அமைக்கவேண்டும் என்று மேலும் ஓர் ஏவல் விடுப்பது எளிது. ஏவல் வந்தால் அதற்கொரு பதிவேடு வரும். பதிவேடு வந்தால் தோட்டம் ஏட்டிலே தழைக்கும். யாம் வேண்டுவது அதுவன்று. உதவியாளர் சமையலுக்கு அவரை உரிக்கையில் குழந்தைகளை உடன் அமர்த்துதல், வெட்டிய பூசணியின் விதையைக் கழுவி எண்ணச்செய்தல், முருங்கைக்கீரையை ஈர்க்கினின்று உருவச்செய்தல் ஆகியவற்றிற்குத் தனிநேரமும் வேண்டா, செலவும் வேண்டா. உணவையும் தோட்டத்தையும் ஒன்றாக்கும் வழி சமையற்கூடத்தின் வாயிலிலேயே உள்ளது. பணியாளர் பெரும்பாலார் அவ்வூர்ப் பெண்டிர். செடிகொடிகளின் ஊர்ப்பெயர் அவர்க்குத் தெரியும். படித்தவர் முன் அப்பெயரைச் சொல்ல நாணுகின்றனர். சுவரிலுள்ள பெயரே சரியான பெயர் என்று அவர்க்குக் கற்பித்தவர் நாமே.

தமிழ்த்துறைகள் இதில் செய்யத்தக்கதொன்று உண்டு. முதுகலை மாணவர் வட்டார வழக்கு தொகுக்கச் செல்லும்போது முதியோரை நாடிச் செல்கின்றனர், அது நன்றே. அங்கன்வாடியின் திண்ணையில் ஒரு வாரம் அமர்ந்து, குழந்தை எதனைத் தொட்டது, அதனை எச்சொல்லால் கூறிற்று, அச்சொல்லைப் பாட்டியிடம் பெற்றதா, தானே புனைந்ததா, சுவரினின்று கற்றதா என்று குறித்துவருதலும் ஆய்வேயாகும். இலக்கணத்தில் நின்ற ஐயங்கள் சில அவ்வழியே தெளியவும் கூடும். நண்டோடு சேர்த்து நாலறிவுயிராகக் கூறப்பட்ட தும்பி எது? சங்கநூல்களில் தும்பி தேனுண்ணும் வண்டினத்ததாய் வருகிறது. ஈழத்தில் இன்று தும்பி என்பது தட்டானுக்குப் பெயர். தமிழகத்திலும் அவ்வாறு வழங்கும் ஊர்கள் உள்ளன. பிற ஊர்களில் தட்டான், தட்டாரப்பூச்சி என்பர். எந்த ஊரில் எந்த உயிரைச் சுட்டிக் குழந்தை அச்சொல்லைக் கூறுகிறது என்று ஒரு மாவட்டத்திற்கேனும் நிலப்படம் வரைந்தால், மரபியல் உரைகளை மீளப் படிக்க அது துணையாகும். மழைக்காலம் நீங்கித் தட்டான்கள் தாழப் பறக்கும் வாரங்கள் அதற்கு ஏற்றவை.